பெயர் சொல்லி அழைக்கும் நாள்

ஆண்டில் எத்தனையோ திருநாட்கள் வருகின்றன. பொங்கல் வருகிறது, தீபாவளி வருகிறது, எங்கள் திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேர் வருகிறது. உறவினராகவும், அயலாராகவும், அடியாராகவும் நாம் கூடுகின்ற நாட்கள் அவை. ஆனால் குடிமக்கள் என்ற ஒரே உரிமையால் நாம் கூடுகின்ற நாள் ஒன்று உண்டு. அந்நாளில் புத்தாடை இல்லை, பலகாரம் இல்லை, மேளதாளம் இல்லை. நீண்ட வரிசை ஒன்று உண்டு. விரலில் ஒரு துளி மை உண்டு. அவ்வளவே. வாக்களிக்கும் நாளைத்தான் குறிப்பிடுகிறேன். அந்நாளைப் பற்றி நான் படித்து அறிந்ததையும், என் கண்ணால் கண்டதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் வண்ணார்பேட்டைவாசி. திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து கிழக்கே வந்தால் எங்கள் பேட்டை. ஆங்கிலேயர் ஆட்சியில் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டுவித்த பாலம் அது. 1843 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. பாலத்தின் அடியில் தாமிரபரணி ஓடுகிறது. எங்கள் பேட்டையின் பெயரே, அந்த ஆற்று நீரில் ஊரார் துணிகளை வெளுத்துத் தந்த உழைப்பாளரை நினைவூட்டுகிறது. ஊர் வெள்ளையுடுத்தி நடந்தது அவர்கள் கையால். ஆயினும் ஊர் நடப்பில் அவர்களுக்கு ஒரு சொல் சொல்லும் உரிமை நெடுங்காலம் இல்லை.

நம் நாட்டில் ஊர்ச் சபைகள் மிகப் பழையவை. திருநெல்வேலிக்கு வடக்கே, சங்கரன்கோவில் செல்லும் சாலையில் மானூர் என்னும் ஊர் இருக்கிறது. ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன், மாறஞ்சடையன் என்னும் பாண்டிய மன்னன் காலத்தில், அவ்வூர்ச் சபையார் தமக்குள் வகுத்துக்கொண்ட விதிகளைக் கல்லில் பொறித்து வைத்தனர். சபையில் இருப்பதற்கு இன்ன தகுதி வேண்டும் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. அதில் ஒரு விதி சுவையானது. கொண்டுவரும் பொருள் எதுவாயினும், அன்று அன்று என்று மறுத்துக்கொண்டே சபையின் வேலையைத் தடுப்பவர் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும்! இக்காலச் சபைகளுக்கும் அவ்விதி இருந்தால் கருவூலம் நிறையுமே என்று நீங்கள் நகைக்கலாம்.

அடுத்து, உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். குடவோலை முறை என்று நாம் பெருமையோடு கூறுவது இதனையே. பெருமைக்குரியதுதான், ஐயமில்லை. ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அந்த ஓலையில் பெயர் ஏறுவதற்குக் கால் வேலி நிலமும், தன் மனையில் கட்டிய வீடும் வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். மறை கற்றிருக்க வேண்டும். உழுதவன் பெயர் அக்குடத்தில் இல்லை. வெளுத்தவன் பெயர் இல்லை. பெண் ஒருத்தியின் பெயரும் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டசபைத் தேர்தல்கள் வந்தபோதும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. வரி கட்டியவருக்கும், சொத்து உடையவருக்கும், படிப்பு உடையவருக்குமே வாக்கு. 1921 ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டசபை, ஆடவருக்கு உள்ள அதே தகுதிகளின்மேல் பெண்டிருக்கும் வாக்குரிமை வழங்கியது. பிற மாகாணங்களுக்கு அது வழிகாட்டிற்று. 1937 ஆம் ஆண்டுத் தேர்தலில் பெட்டிகளுக்கு நிறம் கொடுத்தனர். காங்கிரஸின் மஞ்சள் பெட்டி அக்காலத்தில் பட்டிதொட்டியெல்லாம் அறிந்த பெயர். ஆனால் மஞ்சள் பெட்டியை அறிந்தவர் பலர். அதில் சீட்டு இடும் உரிமை பெற்றவர் சிலர்.

இந்த வேலியை ஒரே வீச்சில் வெட்டியெறிந்தது நம் அரசியலமைப்புச் சட்டம். அதன் 326 ஆம் பிரிவு, வயது வந்த குடிமக்கள் அனைவரும் வாக்காளர் ஆவர் என்றது. படித்தவரா, நிலம் உண்டா, வரி கட்டினாரா என்று கேட்கவில்லை. 1951 ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மர் அளவே. இவர்களைக்கொண்டு தேர்தல் நடத்த முடியுமா என்று உலகில் பலர் ஐயுற்றனர். அந்த ஐயத்திற்குச் செயலால் விடை கூறியவர் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அவர் கணிதம் பயின்றவர். 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர். 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நான்கு மாதம் தேர்தல். படிக்கத் தெரியாதவர்க்காகச் சின்னங்கள் வந்தன. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம், வாக்காளர் தாம் விரும்பிய பெட்டியில் சீட்டை இட வேண்டும்.

வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது ஓர் இடையூறு நேர்ந்தது. வடநாட்டில் சில பகுதிகளில், பெண்டிர் பலர் தம் பெயரைக் கூற மறுத்துவிட்டனர். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். பெயர் இல்லாமல் வாக்கு இல்லை என்று சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்டிர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அது கொடுமையன்றோ என்று அன்று பலர் கேட்டனர். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அப்பெண்டிரில் பெரும்பாலோர் தம் பெயரைத் தாமே கூற முன்வந்தார்கள். பெயர் என்பது எவ்வளவு பெரிய உடைமை என்பதை இச்செய்தி நமக்கு உணர்த்துகிறது. இதனைச் சற்று மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மீண்டும் இவ்விடத்திற்கு வருவேன்.

இனி என் அனுபவம். நான் முதன்முதல் வாக்களித்தது 1971 ஆம் ஆண்டில். அப்போது வாக்களிக்கும் வயது 21. இன்று உங்களுக்குள்ளது போல் 18 ஆனது 1989 ஆம் ஆண்டிலேதான். பெட்டிக்குப் பெட்டி சின்னம் என்ற முறை அதற்குள் மாறி, எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில் அச்சிடப்பட்டு வந்தன. ரப்பர் முத்திரையை மையில் தோய்த்துச் சின்னத்தின் அருகில் பதித்து, மை மறுபக்கம் ஒட்டாதபடி சீட்டை நீளவாட்டில் மடித்துப் பெட்டியில் இட வேண்டும். என் கை நடுங்கியது. அன்று மாலை வரை விரல் மையைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

பிறகு ஆசிரியன் ஆனேன். ஆசிரியனுக்குத் தேர்தல் நாளில் ஓய்வு ஏது? சாக்குப் பையில் பெட்டி, அரக்கு, நூல், மெழுகுவத்தி, படிவக் கட்டு இவற்றையெல்லாம் பெற்றுக்கொண்டு, முதல் நாளே மலையடிவாரத்துச் சிற்றூர் ஏதேனும் ஒன்றிற்குச் செல்வோம். பள்ளிக்கூடத்துப் பெஞ்சுதான் படுக்கை. விடியுமுன் எழுந்து, முகவர்கள் கண்முன்னே வெறும் பெட்டியைத் திறந்து காட்டிப் பூட்டி முத்திரையிடுவோம்.

அப்படிப்பட்ட ஓர் ஊரில் நான் கண்ட காட்சி ஒன்று இன்றும் மறக்கவில்லை. வாக்குப்பதிவு முடியும் நேரம். அந்நேரத்தில் வரிசையில் நிற்பவர் எல்லோரும் வாக்களிக்கலாம். எத்தனை நாழிகை ஆயினும் காத்திருந்து வாக்கு வாங்க வேண்டும் என்பது விதி. அவர்களுக்கு எண்ணிட்ட துண்டுச் சீட்டுத் தருவோம். அந்தச் சீட்டை வரிசையின் தலையிலிருந்து கொடுப்பதில்லை; வாலிலிருந்து கொடுத்து வருவோம். காலம் கடந்து வருபவர் பின்னால் சேராதிருக்க அவ்வாறு ஓர் ஏற்பாடு. நான் கடைசி ஆளிடம் முதல் சீட்டை நீட்டப் போகும் வேளையில், முழங்கால் வரை வயற்சேறு காயாத ஒருவர் ஓடி வந்து அவர் பின்னே நின்றார். மூச்சு வாங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடம் இருந்தது. முதல் சீட்டு அவருக்குக் கிடைத்தது. கூலியை விட்டு வர முடியாது. வாக்கையும் விட முடியாது. இரண்டுக்கும் இடையில் அவர் ஓடிய ஓட்டம் அது.

ஆனால், நண்பர்களே, மற்றவர் வாக்கைக் காத்த நான் என் வாக்கை ஒரு முறை இழந்தேன். தேர்தல் பணியில் இருப்போர்க்குத் தபால் வாக்கு உண்டு. அக்காலத்தில் சீட்டோடு உறுதிமொழிப் படிவம் ஒன்று வரும். அதில் அதிகாரி ஒருவரின் சான்றொப்பம் பெற வேண்டியிருந்தது. எண்ணிக்கை தொடங்குமுன் உறை போய்ச் சேர வேண்டியிருந்தது. நாளை நாளை என்று தள்ளினேன். சான்றொப்பம் பெற்று அஞ்சலில் சேர்த்தபோது, எண்ணிக்கைக்கு முந்தைய நாள் மாலை. அந்த உறை எங்கே போயிற்றோ, யார் அதைக் குப்பையில் இட்டனரோ! குறை யாருடையதும் அன்று; என்னுடையதே. ஒரு வாக்குத்தானே என்று அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரு வாக்குத்தானே என்பது எத்தகைய பேதைமை என்பதைப் பின்னாளில் உணர்ந்தேன். 2008 ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்து நாத்துவாரா தொகுதியில் ஒருவர் 62,216 வாக்கும், மற்றவர் 62,215 வாக்கும் பெற்றனர். ஒரே ஒரு வாக்கு! 2004 ஆம் ஆண்டில் கர்நாடகத்துச் சந்தேமரஹள்ளியிலும் இதுவே நடந்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் மாவட்டத்து இராதாபுரம் தொகுதியில் 2016 ஆம் ஆண்டில் வெற்றி தோல்வியை முடிவு செய்தவை 49 வாக்குகள். தபால் வாக்குகள் சில தள்ளப்பட்டது சரியா, தவறா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, அங்கிருந்து உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. நாற்பத்தொன்பது பேர் என்றால் எத்தனை? உங்கள் வகுப்பறையில் ஒரு பகல் வேளையில் அமர்ந்திருப்போர் தொகை.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறிற்று. எங்கள் வண்ணார்பேட்டையிலும், அடுத்த கொக்கிரகுளத்திலும் தாழ்ந்த இடத்து வீடுகளுக்குள் நீர் புகுந்தது. எங்கள் தெருவுக்குக் கீழே ஆற்றை ஒட்டிய சந்து ஒன்றில் மூதாட்டி ஒருவர் வசிக்கிறார். அப்போது அவருக்கு வயது 86. தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் ஆச்சிதான். அவருடைய தாயும் தந்தையும் ஆற்றுத் துறையில் துணி வெளுத்தவர்கள். வெள்ளம் வடிந்தபின் அவர் வீட்டில் சுவரும் கூரையும் எஞ்சின. தகரப் பெட்டியும், அதிலிருந்த பத்திரங்களும், வாக்காளர் அடையாள அட்டையும் போய்விட்டன. ஆதார் அட்டை ஒன்றை மட்டும் மீண்டும் எழுதி வாங்கியிருந்தார்.

2024 மார்ச்சுத் திங்களின் பிற்பகுதியில் ஒரு நாள் மாலை அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்.

"வாத்தியாரையா, ஓட்டு அட்டையை ஆறு கொண்டுட்டுப் போயிட்டு. இனி எனக்கு ஓட்டு கிடையாதுல்லா?" என்றார்.

அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவனை அழைத்தேன். அவன் கைப்பேசியில் வாக்காளர் பட்டியலைத் தேடி ஒரு நொடியில் ஆச்சியின் பெயரைக் காட்டினான். பாகம் எண், வரிசை எண், சாவடி எல்லாம் இருந்தன.

"ஆச்சி, உங்க பேரு பத்திரமா இருக்கு. அட்டை போனாலும் ஆதாரைக் காட்டி ஓட்டுப் போடலாம்" என்றேன்.

அட்டை அடையாளம் மட்டுமே. உரிமை இருப்பது பட்டியலில். வாக்காளர் அட்டை இல்லாதவர் காட்டத்தக்க வேறு ஆவணங்களைத் தேர்தல் ஆணையமே வரிசைப்படுத்திக் கூறியிருக்கிறது. ஆனால் அட்டை கையில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையேல் வாக்கு இல்லை. பலர் இதனைத் தலைகீழாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு அந்த மாணவனை நோக்கி, "தம்பி, உன் பேரு எந்தச் சாவடியிலே இருக்கு?" என்று கேட்டேன். அவனுக்கு வயது 19. அவன் தலை குனிந்தான். அவன் விண்ணப்பிக்கவே இல்லை. தேர்தலுக்குப் பெயர் சேர்க்கும் கெடுவும் அதற்குள் கடந்துவிட்டது. ஆறு வந்து அடித்தும் ஆச்சியின் பெயர் நிலைத்திருந்தது. ஆறு தொடாத மாடி வீட்டில் இருந்தவனுக்குப் பெயரே இல்லை!

ஆச்சிக்கு மற்றொரு வழியும் இருந்தது. 85 வயது கடந்தவர் விண்ணப்பித்தால், அலுவலரே வீட்டுக்கு வந்து வாக்குப் பெற்றுச் செல்லும் ஏற்பாடு அந்தத் தேர்தலில் இருந்தது. நடக்க இயலாத முதியோர்க்கு அது பேருதவி. அதனைச் சொன்னேன். ஆச்சி மறுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். அப்போது அவர் கூறியதை ஏறக்குறைய அவர் சொற்களிலேயே கூறுகிறேன்.

"எங்க ஆத்தாளை ஊர்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, வாத்தியாரையா. வீட்டுக்கு வீடு துணி எடுக்கப் போவா. தொழிலைச் சொல்லிக் கூப்பிடுவாக. இல்லைன்னா ஏட்டின்னு கூப்பிடுவாக. மொத ஓட்டு அன்னைக்கு என்னையும் கூட்டிட்டுப் போனா. எனக்குப் பதிமூணு பதினாலு வயசு இருக்கும். கண்ணாடி போட்ட ஒரு ஆபீசர் காயிதத்தைப் பார்த்து, எங்க ஆத்தா பேரை முழுசாப் படிச்சாரு. சபையில எல்லாருக்கும் கேட்டுது. இவ திரும்பிப் பார்க்கா, வேற யாரையோ கூப்பிடுதாகன்னு! வெளியே வந்து ஆலமரத்தடியில உட்கார்ந்து அழுதா. அதனால சாவடிக்குப் போயித்தான் நான் ஓட்டுப் போடுவேன். நடக்க முடியாட்டி ஊர்ந்து போவேன்."

1952 ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றி நான் எத்தனையோ நூல்கள் படித்திருக்கிறேன். 17 கோடி என்ற எண்ணை மாணவருக்கு எழுதிக் காட்டியிருக்கிறேன். அந்த 17 கோடியில் ஒன்று எப்படி இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளிலும் அன்று வாக்குப்பதிவு. சித்திரை வெயிலுக்கு அஞ்சிக் காலை 7 மணிக்கே புறப்பட்டோம். ஆச்சி, வெளுத்து மடித்த நூற்சேலை உடுத்தியிருந்தார். ஒரு கையில் கோல்; மறு கையை அந்த மாணவன் பிடித்து வந்தான். பள்ளி வாயிலுக்கு அப்பால் அவனுக்கு வேலை இல்லை. வேப்பமர நிழலில் நின்றுகொண்டான். சக்கர நாற்காலி ஒன்று அங்கே வைத்திருந்தார்கள். ஆச்சி அதைத் தொடவில்லை.

வரிசையைப் பார்த்தேன். ஆட்டோ ஓட்டுநர் நின்றார். அவருக்குப் பின்னால் மருத்துவர் ஒருவர் நின்றார். பெண்டிர் வரிசையில் பூக்கட்டும் அம்மையாரும், கல்லூரிப் பேராசிரியை ஒருவரும் வெயிலுக்கு ஒரே குடையைப் பிடித்திருந்தார்கள். வேறெங்கே இவர்கள் இவ்வாறு நிற்பார்கள்? கோயிலிலும் சிறப்பு வழி வந்துவிட்டது. முதியோர், கைக்குழந்தையோடு வந்தோர் போன்றோரைத் தவிர, இந்த வரிசையில் முன்னே செல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆச்சியின் முதுமை கருதி அவரை முன்னே விட்டார்கள், என்னையும் அவ்வாறே. உள்ளே முதல் மேசையில் அலுவலர் ஒருவர். பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்கப் படிப்பது அவர் வேலை. முகவர்கள் தத்தம் பட்டியலில் குறித்துக்கொள்வதற்காக அவ்வாறு படிக்கிறார்கள். அவர் ஆச்சியின் பெயரைப் படித்தார். உடனே முகவர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஆதாரில் உள்ள பேருக்கும் பட்டியலில் உள்ள பேருக்கும் ஓர் எழுத்து வேறுபடுகிறதே" என்றார். அவரை நான் குறை கூற மாட்டேன். ஒருவர் வாக்கை வேறொருவர் போட்டுவிடாமல் காப்பது முகவரின் கடமை. ஐயம் மிகுந்தால் 2 ரூபாய் கட்டி முறையாக மறுப்புத் தெரிவிக்கவும் விதி இருக்கிறது. ஆனால் ஆச்சியின் கை கோலின்மேல் இறுகிற்று. வெள்ளம் கொண்டுபோகாத பெயரை ஓர் எழுத்து கொண்டுபோய்விடுமோ என்று என் நெஞ்சும் பதைத்தது.

தலைமை அலுவலர் இளம்பெண். தம் இடத்திலிருந்து எழுந்து வந்தார். பட்டியலில் இருந்த படத்தைப் பார்த்தார். ஆச்சியின் முகத்தைப் பார்த்தார். கணவர் பெயரைக் கேட்டு, பட்டியலோடு ஒப்பிட்டார். பின்பு மெல்ல, "ஆச்சி, உங்க பேரை நீங்களே ஒரு தடவை சொல்லுங்க" என்றார்.

ஆச்சி நிமிர்ந்தார். தம் பெயரைச் சொன்னார். அறை முழுவதும் கேட்கச் சொன்னார். வெளியே வரிசையில் இருந்தோர்க்கும் கேட்டிருக்கும். அலுவலர் முகவரை நோக்கினார். எழுத்துப் பிழைக்காக ஆளைத் தள்ளக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. முகவர் புன்னகையோடு அமர்ந்து, தம் பட்டியலில் குறியிட்டார். வேறு பேச்சு எழவில்லை.

அந்தப் பெயரை உங்களுக்குச் சொல்ல ஆசைதான். ஆனால் ஆச்சி என்னிடம், "ரேடியோவில எம்பேரைச் சொல்லிராதேயும்" என்று தடை போட்டுவிட்டார். எங்கே சொல்லப்பட வேண்டும் என்பதை அவரே முடிவு செய்திருக்கிறார்.

இரண்டாம் அலுவலர் இடக்கைச் சுட்டுவிரலில் மை வைத்தார். இந்த மையில் வெள்ளி நைட்ரேட் என்னும் உப்பு கலந்திருக்கிறது. தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, ஒளி பட்டதும் கறுத்துவிடும். நகம் வளர்ந்து நீங்கும் வரை போகாது. 1962 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் மைசூரில் உள்ள அரசுத் தொழிற்சாலை இதனைச் செய்து தருகிறது. ஆயுள் முழுவதும் கறை நீக்குவதையே தொழிலாகக் கொண்ட குடும்பத்து ஆச்சி, இந்தக் கறையை விரல் தூக்கிப் பார்த்து மகிழ்ந்தார்.

பதிவேட்டில் கைநாட்டு வைத்தபின் மூன்றாம் அலுவலர் தம் பொறியின் பொத்தானை அழுத்தி ஒரு வாக்குக்கு வழி திறந்தார். இந்த மின்னணு எந்திரம் 1982 ஆம் ஆண்டில் கேரளத்துப் பறவூரில் முதன்முதல் சோதிக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் வந்தது. இப்போது அதனுடன் ஓர் அச்சுப்பொறியும் உண்டு. நாம் அழுத்திய சின்னம் ஒரு துண்டுச் சீட்டில் அச்சாகிக் கண்ணாடிக்குப் பின்னே 7 விநாடி தெரியும். பிறகு பெட்டிக்குள் விழும்.

உடன் யாரும் செல்லலாகாது. மறைப்புக்குப் பின்னே ஆச்சி தனியாகச் சென்றார். எழுத்து அறியாதவர், படம் அறிவார். சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு நீண்ட ஒலி ஒன்று எழுந்தது. அவ்வளவுதான். மாளிகையில் வாழ்பவர் அழுத்தினாலும் அதே ஒலிதான்.

அடுத்து நான் சென்றேன். தபால் உறையில் இழந்த என் பழைய வாக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அந்த 7 விநாடியும் இமையாமல் பார்த்து நின்றேன்.

வெளியே வந்ததும் அந்த மாணவன், "ஆச்சி, யாருக்குப் போட்டீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டான். "அது எனக்கும் அந்தப் பொட்டிக்கும் உள்ள சங்கதி" என்றார் ஆச்சி. பத்துப் பக்கக் கட்டுரையில் இரகசிய வாக்கெடுப்பைப் பற்றி இதைவிட நன்றாக எழுதிவிட முடியாது. பிறகு அவர் அவன் இடக்கையைப் பற்றி விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெறும் விரலை அவன் சட்டென்று மடக்கிக்கொண்டான். ஜூலை மாதத்தில் ஒரு நாள், பெயர் சேர்க்கும் ஆறாம் எண் படிவத்தை அவன் நிரப்பி அனுப்பிய செய்தியை என்னிடம் வந்து கூறினான்.

மாணவ நண்பர்களே, இந்த உரிமை தானாக நிலைத்திருக்கும் என்று எண்ணாதீர்கள். நமக்கு அண்டை நாடான இலங்கையில் 1931 ஆம் ஆண்டிலேயே, நமக்கு இருபது ஆண்டு முன்னதாக, எல்லோர்க்கும் வாக்குரிமை வந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ் மக்களும் வாக்களித்தார்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் அவர்களில் பல லட்சம் பேர் குடியுரிமையை இழந்தார்கள். அடுத்த ஆண்டில் வாக்கும் போயிற்று. எஞ்சியோர்க்கு அக்குறை முற்றிலும் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால், பள்ளியும் சாலையும் மருத்துவமனையும் கேட்கும் குரலும் நீங்கிவிடுகிறது. அவர்கள் வரலாறு நமக்கு அதனைக் கற்பிக்கிறது.

ஆகவே உங்களை நான் வேண்டுவன மூன்றே. 17 வயது நிறைந்தவர் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாட்களையும் கணக்கிட்டு, 18 நிறைந்ததும் பெயர் சேர்க்கிறார்கள். இது முதலாவது. வீடு மாறினால் அப்போதே பட்டியலிலும் மாற்றிக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராதீர்கள். இது இரண்டாவது. அந்த நாளில் உங்கள் தெருவில் உள்ள ஓர் ஆச்சியையோ தாத்தாவையோ கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். இது மூன்றாவது.

எந்தக் கட்சிக்கு, எந்தச் சின்னத்திற்கு என்பது என் பேச்சு அன்று. அது உங்களுக்கும் அந்தப் பெட்டிக்கும் உள்ள சங்கதி. ஆனால் நாட்டின் பெயரால் ஒருவர் உங்கள் பெயரை உரக்கப் படிக்கும்போது, அதற்கு விடை சொல்ல நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.